திக்கலா, வாசிப்புச் சிக்கலா: பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறான்?

ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது: மகனுக்கு எட்டு வயது. மூன்றரை வயதில் திக்க ஆரம்பித்தான். சில மாதம் இருக்கும், சில மாதம் இருக்காது. இப்போது வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறான். ஆசிரியர் "இவனுக்கு வாசிக்கவே வரவில்லை" என்கிறார். வீட்டுப் பெரியவர்கள் "கூச்சம், வளர்ந்தால் போய்விடும்" என்கிறார்கள். யாரிடம் போவது? ஸ்பீச் தெரபிஸ்ட் என்பவர் உண்மையில் என்னதான் செய்வார்?

திக்கல், வாசிப்புச் சிக்கல் இரண்டோடும் வரும் பிள்ளைகளுடன்தான் நான் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வகுப்பில் எழுந்து நிற்கும் பிள்ளை வாசிக்காமல் நிற்பதற்கு இரண்டு வேறு காரணங்கள் இருக்கலாம். திக்கும் பிள்ளைக்கு அந்தச் சொல் என்னவென்று தெரியும். கண் வாசித்து முடித்துவிட்டது, பொருளும் புரிந்துவிட்டது, உதடு அந்த ஒலிக்கு ஏற்றபடி கூடியும்விட்டது. ஒலி மட்டும் வெளியே வரவில்லை. வாசிப்புச் சிக்கல் உள்ள பிள்ளைக்கு வாய் தாராளமாக இருக்கிறது, சிக்கியிருப்பது எழுத்தில். நீங்கள் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்தால் உடனே திருப்பிச் சொல்லிவிடுவான். ஆனால் வெளியிலிருந்து பார்க்கும் ஆசிரியருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்: முதல் எழுத்து இரண்டு மூன்று முறை வரும், பிறகு மௌனம், முகம் சிவக்கும், கண் புத்தகத்தை விட்டு ஓடும். ஆசிரியர் மீது குறை சொல்ல மாட்டேன். நாற்பது பிள்ளைகள் இருக்கும் அறையில் இதைப் பிரித்துப் பார்ப்பது கடினம்.

பிரித்துப் பார்க்க நாங்கள் செய்யும் சோதனைகளில் சிலவற்றை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பத்தியை இருவரும் சேர்ந்து, ஒரே குரலாக வாசியுங்கள். திக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் இப்படிச் சேர்ந்து வாசிக்கும்போது தடையில்லாமல் வாசித்துவிடுவார்கள். பாடும்போது திக்காததும் இதைப் போன்றதுதான். வாசிப்புச் சிக்கல் உள்ள பிள்ளையோ உங்கள் குரலுக்கு அரை நொடி பின்னால் வருவான். நீங்கள் சட்டென்று நிறுத்தினால் அவனும் நின்றுவிடுவான்.

அடுத்து, ஒரு பக்கத்தை மனசுக்குள் வாசிக்கச் சொல்லி, அதில் என்ன நடந்தது என்று கேளுங்கள். திக்கித் திக்கியாவது சரியாகச் சொல்லிவிட்டால் வாசிப்பு நன்றாகத்தான் இருக்கிறது. பதில் சொல்லவே தயங்கினால், சரியான படத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லலாம், எழுதச் சொல்லலாம்.

தவறுகளின் வகையையும் கவனியுங்கள். "சி... சி... சிறகு" என்று கடைசியில் சரியான சொல்லுக்கே வந்து சேர்ந்தால் அது திக்கல். "சிறகு" என்பதை முதல் எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு "சிறுவன்" என்று ஊகித்தால், "கொடி"யைக் "கெடி" என்றோ "கோடி" என்றோ வாசித்தால், அது எழுத்தில் இருக்கும் சிக்கல். பொருளே இல்லாத பொய்ச்சொற்களை, "தொமிரு", "கேபுளை" என்பது மாதிரி, எழுதிக்கொடுத்து வாசிக்கச் சொல்வதும் நல்ல சோதனை. மனப்பாடமும் ஊகமும் அங்கே கைகொடுக்காது.

இதில் ஒரு பொறி இருக்கிறது, அனுபவமுள்ளவர்களே இதில் விழுவதுண்டு. திக்கும் பிள்ளைகள் சொல்லை மாற்றிப் பேசுவதில் கைதேர்ந்தவர்கள். "ப"வில் மாட்டிக்கொள்வோம் என்று முன்கூட்டியே தெரிந்தால் "பறவை" என்று சொல்லாமல் "குருவி" என்று சொல்லி நழுவிவிடுவார்கள். இதையே புத்தகம் வாசிக்கும்போதும் செய்தால், கேட்பவருக்குப் படத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்வதாகத்தான் தோன்றும். உண்மையில் அவன் சரியாக வாசித்து, பொருள் புரிந்து, அதே பொருள் வரும் இன்னொரு சொல்லை ஒரு நொடிக்குள் தேடிப் பிடித்திருக்கிறான். வாசிக்கத் தெரியாதவனுக்கு அது முடியாது. இன்னொன்று, ஒரே பத்தியை ஐந்து முறை வாசிக்கச் சொன்னால் திக்கலும் குறையும், வாசிப்புத் தவறும் குறையும். ஆகவே "திரும்பத் திரும்ப வாசித்தான், சரியாகிவிட்டது" என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. அதே சொற்களை வேறு வாக்கியங்களில் போட்டுக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

பேச்சில் அவ்வளவாகத் திக்காதவன் வாசிக்கும்போது மட்டும் ஏன் இப்படி நிற்கிறான் என்று நீங்கள் குழம்புவதற்கும் பதில் இதில்தான் இருக்கிறது. பேச்சில் சொல்லை மாற்றலாம், சுற்றி வளைக்கலாம், "தெரியாது" என்று முடித்துக்கொள்ளலாம். அச்சிட்ட வரியில் தப்பிக்க வழி கிடையாது. தன் பெயரைச் சொல்வது திக்குபவர்களுக்கு இவ்வளவு கடினமாக இருப்பதும் இதனால்தான். பெயருக்கு மாற்றுச் சொல் இல்லை. விடை தெரிந்தும் "தெரியாது" என்று சொல்லியே பள்ளிக் காலத்தைக் கடந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மதிப்பெண் அட்டையில் அவர்கள் மந்தமானவர்களாகவே இருந்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

இனி திக்கலைப் பற்றி. நூறு குழந்தைகளில் ஏறக்குறைய 5 பேருக்கு ஏதோ ஒரு காலத்தில் திக்கல் வருகிறது. பெரும்பாலும் 2 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையில், சொற்கள் வாக்கியங்களாகக் கூடும் பருவத்தில் தொடங்கும். அவர்களில் நான்கில் மூன்று பேருக்காவது தானாகவோ பயிற்சியாலோ போய்விடுகிறது. பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான் நிலைக்கிறது. "வளர்ந்தால் போய்விடும்" என்று பெரியவர்கள் சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு தொடக்க காலத்துக்கானது. தொடங்கி ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குள் போகாத திக்கல் அதன்பின் தானாகப் போகும் வாய்ப்பு குறைந்துகொண்டே வரும். ஆண் பிள்ளை, குடும்பத்தில் பெரியவர்கள் யாருக்காவது நிலைத்த திக்கல் இருப்பது, இவையும் வாய்ப்பைக் குறைப்பவை. உங்கள் மகனுக்கு நான்கரை ஆண்டு ஆகிவிட்டது. இனியும் காத்திருக்காதீர்கள்.

ஏன் வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தாய்மார்கள் என் முன்னால் உட்கார்ந்து அழுவது இந்தக் கேள்விக்காகத்தான். பயந்ததால் திக்கல் வருவதில்லை. இன்னொரு பிள்ளையைப் பார்த்து ஒட்டிக்கொள்வதில்லை. நாக்கு தடித்திருப்பதாலோ நாக்குக் கட்டாலோ வருவதில்லை. 1841இல் டீஃபென்பாக் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் திக்கலைப் போக்குவதாக நினைத்து நாக்கின் ஒரு பகுதியையே வெட்டி எடுத்தார். மயக்க மருந்து வராத காலம் அது. அந்தச் சிகிச்சையால் திக்கல் போகவில்லை. இன்று நமக்குத் தெரிவது, பேச்சின் அசைவுகளை நேரம் தவறாமல் கோக்கும் மூளைப் பாதைகளில், குறிப்பாக இடப்பக்கத்தில், சிறு வேறுபாடு இருக்கிறது என்பது. மரபும் சேர்ந்துகொள்கிறது. 2010இல் ஜிஎன்பிடிஏபி உள்ளிட்ட மூன்று மரபணுக்களில் திக்கலோடு தொடர்புள்ள மாற்றங்களைக் கண்டுபிடித்தார்கள்.

பெற்றோர்தான் காரணம் என்ற பழி ஒரு பெரிய ஆய்வாளரிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இருந்த வென்டெல் ஜான்சன், தானும் திக்கியவர், குழந்தையின் சாதாரணத் தடுமாற்றத்தைத் திக்கல் என்று பெற்றோர் பெயரிடுவதால்தான் அது திக்கலாகிறது என்றார். அதைச் சோதிக்க அவருடைய மாணவி மேரி டியூடர் 1939இல் ஓர் அனாதை இல்லத்தின் 22 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார். நன்றாகப் பேசிய சில பிள்ளைகளிடம் "உனக்குத் திக்கல் இருக்கிறது, சரியாகப் பேச வராவிட்டால் பேசாதே" என்று மாதக்கணக்கில் சொல்லிவந்தார்கள். பிற்காலத்தில் அந்தத் தரவுகளை மறுபடி ஆராய்ந்தவர்கள், அந்தப் பிள்ளைகளுக்கு உண்மையான திக்கல் உண்டானதற்குச் சான்று இல்லை என்று காட்டினார்கள். ஆனால் அவர்கள் வாய் திறக்கப் பயந்தார்கள், ஒதுங்கினார்கள், படிப்பில் தளர்ந்தார்கள். 2007இல் அயோவா மாநிலம், முதுமையடைந்துவிட்ட அவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் இழப்பீடு கொடுத்தது. கண்டிப்பதும் திருத்துவதும் திக்கலை உண்டாக்குவதில்லை, ஆனால் பிள்ளையை மௌனமாக்கிவிடும். உங்களால் வந்தது அல்ல இது. அதே சமயம், வீட்டில் இதைப் பற்றிப் பேசாமல் மறைப்பதும் நல்லதல்ல. "இன்று அந்தச் சொல் கஷ்டப்படுத்தியதா?" என்று இயல்பாகக் கேட்கலாம். தன் திக்கல் அவனுக்கு ஏற்கெனவே தெரியும்.

தெரபிஸ்ட் முதல் சந்திப்பில் மருந்தோ பயிற்சியோ கொடுக்க மாட்டார். விளையாடும்போது, கதை சொல்லும்போது, வாசிக்கும்போது என்று தனித்தனியாகப் பேச்சைப் பதிவு செய்து, நூறு அசைகளில் எத்தனை திக்குகின்றன என்று எண்ணுவார். எண்ணிக்கையை விட வகை முக்கியம்: ஒலி திரும்பத் திரும்ப வருகிறதா, இழுபடுகிறதா, அல்லது ஒலியே இல்லாமல் அடைத்துக்கொள்கிறதா? கண்ணை இறுக்குவது, காலைத் தட்டுவது, தலையை வெடுக்கென்று ஆட்டுவது உண்டா? எதையெல்லாம் தவிர்க்கிறான்? ஜோசப் ஷீஹன் என்ற உளவியலாளர் திக்கலைக் கடலில் மிதக்கும் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார். காதில் விழுவது மேலே தெரியும் சிறு நுனி. அச்சமும் வெட்கமும் தவிர்ப்பும் நீருக்கடியில். நல்ல தெரபிஸ்ட் அந்த அடிப்பகுதியைப் பற்றியும் பிள்ளையிடம் பேசுவார்.

ஆறு வயதுக்குக் கீழ் இருந்தால், பெற்றோரே தினமும் சில நிமிடம் வீட்டில் நடத்தும் லிட்கோம் முறைக்கு நல்ல ஆய்வுச் சான்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் உருவானது அது. எட்டு வயதில் வழி கொஞ்சம் மாறும். ஒரு பக்கம், முதல் ஒலியை மெல்லத் தொடங்குவது, உதட்டையும் நாக்கையும் அழுத்தாமல் லேசாகத் தொடுவது, வாக்கியத்தைச் சிறு துண்டுகளாக விடுவது. இன்னொரு பக்கம், பேச்சுச் சிகிச்சை முன்னோடிகளில் ஒருவரான அமெரிக்கர் சார்லஸ் வான் ரைப்பர் வகுத்த வழி. அவரும் வாழ்நாள் முழுக்கத் திக்கியவர். திக்கலிலிருந்து ஓடாமல், அடைத்துக்கொண்ட இடத்திலேயே நின்று, எங்கே இறுகியிருக்கிறது என்று உணர்ந்து, அந்த இறுக்கத்தை மெல்லத் தளர்த்தி வெளியே வருவது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு கையை இறுக மூடி, விரல் விரலாகத் திறக்கச் சொல்வேன். பிறகு அதையே உதட்டில் செய்யச் சொல்வேன். வேண்டுமென்றே திக்கிப் பார்ப்பதும் பயிற்சியில் உண்டு. முதல் நாள் பெற்றோர் திடுக்கிடுவார்கள். ஆனால் தானே வரவழைக்கும் ஒன்றைப் பார்த்துப் பிள்ளைக்கு அச்சம் குறைந்துவிடும்.

இத்தனை வாரத்தில் முழுக்கக் குணமாக்குகிறேன் என்று யாராவது உறுதி சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பள்ளி வயதுப் பிள்ளைக்கு அப்படி யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. திக்கலுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரையும் இல்லை. தன் குரலையே சற்றுத் தாமதமாகக் காதில் கேட்க வைக்கும் கருவிகள் சிலருக்கு உதவுகின்றன, சிலருக்கு உதவுவதில்லை, அதனால் அதில் தொடங்க வேண்டாம். அறைக்குள் கற்றதை வகுப்பிலும் தொலைபேசியிலும் நண்பர்களிடமும் கொண்டுபோவதுதான் நீண்ட வேலை. பல மாதங்கள் எடுக்கும்.

வாசிப்புப் பக்கம் சிக்கல் இருப்பதாகத் தெரிந்தால் என்ன செய்வது? 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். கணக்கில் கெட்டி, பேச்சில் சூட்டிகை, ஆனால் சிறு சொற்களைக்கூட வாசிக்க முடியவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். அன்று இதைச் "சொற்குருடு" என்றார்கள். கண் நன்றாக இருந்தும் சொல்லின் உருவம் மூளையில் பதியவில்லை என்று நினைத்தார்கள். இன்று டிஸ்லெக்சியா என்கிறோம். பெரும்பாலானோருக்குச் சிக்கல் கண்ணில் இல்லை, சொல்லைச் சிற்றொலிகளாகப் பிரித்து அந்த ஒலிகளை எழுத்தோடு பொருத்துவதில்தான் இருக்கிறது. அதனால் வண்ணக் கண்ணாடி, கண் அசைவுப் பயிற்சி இவற்றுக்கு நம்பும்படியான சான்று இல்லை. பார்வையையும் கேட்கும் திறனையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள், அது எப்போதும் அவசியம்.

தமிழ் எழுத்துக்கே உரிய இடறல்களும் உண்டு. 247 என்ற எண்ணிக்கையை விட, குறிகள் உட்காரும் இடம்தான் பிள்ளைகளைக் குழப்புகிறது. "கெ"யில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் அதன் ஒலி மெய்க்குப் பின்னால் வருகிறது. "கொ"வில் மெய்யின் இரண்டு பக்கமும் குறி. உகரத்துக்கு ஒரே வடிவம் இல்லை: கு, சு, து, பு நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ல, ள, ழ மூன்றும், ர, ற இரண்டும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்டுக் குழப்பும். "கல்", "பங்கு", "அகம்" மூன்றிலும் ககரம் ஒன்று, ஒலி மூன்று. பெரும்பாலான பிள்ளைகள் இதையெல்லாம் தானே உள்வாங்கிக்கொள்வார்கள். சிலருக்கு ஒவ்வொன்றையும் பிரித்து, வரிசையாக, பலமுறை கற்பிக்க வேண்டும். பயிற்சி காதில் தொடங்கும்: "நகரம்" என்பதில் "ந"வை எடுத்துவிட்டால்? "கரம்". "கடல்" என்பதில் "க"வுக்குப் பதில் "ம" போட்டால்? "மடல்". பிறகு எழுத்தை நகர்த்திச் சொல் கட்டுவது, பிறகு அந்தக் குறிகள் மட்டுமே வரும் சிறு வாக்கியங்கள். எழுத்துக்கூட்டி வாசிப்பதிலிருந்து சரளத்துக்குப் போக அதே பத்தியைப் பல நாள் வாசிக்க வேண்டும்.

சிலர் கடகடவென்று வாசிப்பார்கள், பொருள் மட்டும் மனசில் நிற்காது. இது வேறு. வீட்டில் "வந்துக்கிட்டிருக்கான்" என்று கேட்கும் பிள்ளை புத்தகத்தில் "வந்துகொண்டிருக்கிறான்" என்று பார்க்கிறான். புத்தகத் தமிழ் காதுக்குப் பழகாதவனுக்கு அது பாதி அந்நிய மொழி. வாசித்துக் காட்டுவதுதான் இதற்கு வழி. எட்டு வயதானாலும் தினமும் வாசித்துக் காட்டுங்கள்.

இரண்டு சிக்கலும் ஒரே பிள்ளையிடம் இருப்பதும் உண்டு. அங்கேதான் ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு நஞ்சாகிவிடும் ஆபத்து. கடிகாரம் வைத்து உரக்க வாசிக்கச் செய்வது வாசிப்புச் சரளத்துக்கு நல்ல பயிற்சி, திக்கும் பிள்ளைக்கோ அவசரம் என்பது மிகக் கெட்ட சூழல். இருவரும் சேர்ந்து வாசிப்பது, நேரம் பார்க்காமல் வாசிப்பது என்று அதை மாற்றி அமைக்க வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று அளக்கும் வாசிப்புத் தேர்வில் திக்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் எண் அவனுடைய வாசிப்பை அளக்காது, திக்கலைத்தான் அளக்கும். அறிக்கை எழுதுபவர் இதை அதிலேயே குறிப்பிட வேண்டும், குறிப்பிடாவிட்டால் கேட்டு வாங்குங்கள். ஆகவே யாரிடம் போவது என்ற கேள்விக்கு என் பதில்: முதலில் ஸ்பீச் தெரபிஸ்ட், அதிலும் பள்ளி வயதுப் பிள்ளைகளின் திக்கலைத் தொடர்ந்து பார்ப்பவர். "வாசிப்பையும் நீங்களே சோதிப்பீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். இல்லை என்றால், சோதிக்கும் இன்னொருவரோடு அவர் பேச வேண்டும். இருவரும் பேசிக்கொள்ளாமல் தனித்தனியாக நடத்தும் பயிற்சி பிள்ளையைத்தான் இழுத்தடிக்கும்.

பள்ளியில் ஒரு மாற்றம் நாளைக்கே கேட்கலாம். வரிசைப்படி வாசிக்க வைப்பது திக்கும் பிள்ளைக்குப் பெரும் வதை. தன் முறை வர எத்தனை பேர், தன் பத்தி எது, அதில் எந்தச் சொல் என்று எண்ணிக்கொண்டே இருப்பான், பாடம் ஒன்றும் காதில் ஏறாது. வாசிப்பதிலிருந்து முழு விலக்கு கேட்பதை நான் ஆதரிப்பதில்லை, அது அச்சத்தை வளர்க்கும். முதல் ஆளாக வாசிப்பதா, ஒரு நண்பனோடு சேர்ந்து வாசிப்பதா, முந்தின நாளே பத்தியைச் சொல்லிவிடுவதா என்பதை அவன் தேர்ந்தெடுக்கட்டும். வீட்டில் "மூச்சை இழுத்துவிட்டுப் பேசு", "நிதானமாகச் சொல்" என்பவற்றை நிறுத்துங்கள். சொல்லை நீங்கள் முடித்துக்கொடுக்காதீர்கள். அவனை மெதுவாகப் பேசச் சொல்வதற்குப் பதில் நீங்கள் மெதுவாகப் பேசுங்கள், அவன் முடித்தபின் ஒரு நொடி விட்டுப் பதில் சொல்லுங்கள்.

முதல் சந்திப்புக்குப் போகும்போது, நன்றாகப் பேசிய ஒரு நாளிலும் கஷ்டப்பட்ட ஒரு நாளிலும் எடுத்த ஐந்து நிமிட வீடியோக்கள், அவனுடைய எழுத்து நோட்டு இரண்டையும் எடுத்துப் போங்கள். திக்கல் தெரபிஸ்ட் முன்னால் மட்டும் ஒளிந்துகொள்ளும், அது சகஜம். அதற்கு முன் ஒருநாள், யாரும் இல்லாத நேரத்தில், அவனிடமே கேளுங்கள்: "வகுப்பில் வாசிக்க எழுந்து நிற்கும்போது, அது என்ன சொல் என்று தெரிந்தும் வெளியே வரவில்லையா, இல்லை, என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியவில்லையா?" எட்டு வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் இதற்குத் தெளிவாகவே பதில் சொல்வார்கள். அவன் சொல்லும் பதிலை அவன் சொன்னபடியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.